பதினைந்தாவது ஆள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெசிந்தாவின் வீட்டுக் கூடத்தில் எட்டு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து கூட்டத்துக்குப் போகாமல் இருந்தார்கள். அன்றைக்கு அவர்களுடைய வேலையே அதுதான்.

கீழே, கார்கள் நிற்குமிடத்தை ஒட்டிய அறையில், ஸ்ரீலேகா ஃபிளாட்ஸ் உரிமையாளர் சங்கத்தின் சிறப்புக் கூட்டம். கட்டடத்தை இடித்துவிட்டு புதிதாகக் கட்டும் தீர்மானம். பெரம்பூரில் அந்தத் தெருவில் இடிபடாமல் மிச்சமிருந்த பழைய கட்டடம் இது ஒன்றுதான். பில்டர் கொடுத்திருந்த கெடு அன்றோடு முடிந்தது.

முதல் மாடியில் ஒரு வீட்டை ஆறு மாதத்துக்கு முன் வாங்கியிருந்த இம்ரானுக்கு மட்டும் இன்னும் சந்தேகம் தீரவில்லை.

"போய் எதிர்த்து ஓட்டுப் போட்டா என்ன ஆன்ட்டி?"

"தோத்துடுவோம். அவங்க பதினாலு பேர், நாம எட்டு," என்றாள் ஜெசிந்தா. "ஆனா இடிக்கறதுன்னா மூணுல ரெண்டு பங்கு வீட்டுக்காரங்க கூட்டத்துக்கு வந்திருக்கணும். மொத்தம் இருபத்திரண்டு வீடு. பதினஞ்சு பேர் வேணும். நாம ஒருத்தரும் போகலன்னா கோரம் கிடையாது. கோரம் இல்லன்னா கூட்டமே கிடையாது."

"அரை மணி நேரம் பாத்துட்டு, வந்தவங்க போதும்னு நடத்திடுவாங்களே. போன தடவை அப்படித்தான் பண்ணாங்க."

"அது பெயின்ட் அடிக்கறதுக்கு. இடிக்கறதுக்கு அப்படி முடியாது. இவர் அப்பவே எழுதி வெச்சிட்டாரு."

எல்லோரும் ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தார்கள். இருதயராஜ் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த கடலையைத் தட்டிலும் தோலைத் தன் சட்டைப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தார். ரயில்வேயில் விதிப் புத்தகங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடம் சங்கத்தின் செயலாளராக இருந்தார். சங்க விதிகள் அத்தனையும் அவர் எழுதியவை. மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. இப்போது அவருக்குக் கழிவறைக்கு வழி தெரியும், தன் கட்டில் தெரியும், பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் தெரியும். வீடு மாற்றினால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெசிந்தா இவர்களை ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சேர்த்தது அதற்காகத்தான். கூடவே வந்து தட்டியவள் எதிர்வீட்டு சுகந்தி.

மேசை மேல் ஏழு கைப்பேசிகள் மல்லாந்து கிடந்தன. அது சுகந்தியின் யோசனை. பதிலிகள் வந்த பிறகு, ஆள் வராததை மட்டும் நம்ப முடியாது. ஒருவர் பல மணி நேரம் பேசிக் கொடுத்த பேச்சு, அவர் எழுதிய கடிதங்கள், கூட்டங்களில் போட்ட சண்டைகள், எல்லாவற்றையும் தின்று கணினியில் உருவாகும் பதிலி, அவரைப் போலவே பேசும், அவரைப் போலவே யோசித்து ஓட்டுப் போடும். சட்டம் அதன் வருகையை ஆளின் வருகையாகவே எடுத்துக்கொண்டது. துபாயில் இருப்பவர்களும் தூங்கிக்கொண்டிருப்பவர்களும் கூட்டத்துக்கு வந்தார்கள். அதனால் ஏழு பேரும் மற்றவர்கள் பார்க்கத் தங்கள் பதிலிகளை அணைத்துவிட்டுக் கைப்பேசிகளை மேசை மேல் வைத்திருந்தார்கள். எட்டாவது வீடு ஜெசிந்தாவுடையது. அது இருதயராஜின் பெயரில் இருந்ததால் அவளுக்குப் பதிலி கிடையாது.

சுகந்தி அடுப்படியிலிருந்து வெங்காய பஜ்ஜித் தட்டோடு வந்தாள். "சாப்பிடுங்க. இன்னும் பத்து நிமிஷம்தான். அப்புறம் செயலாளர் பார்த்திபன் மூஞ்சியைப் பாக்கணும்."

சிரித்தார்கள். இம்ரான் ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் வைத்தபோது ஏழு கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தன.

'வருகை: 15. கோரம் நிறைந்தது. கூட்டம் தொடங்குகிறது.'

ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கைப்பேசிகளை எண்ணினார்கள். ஏழும் இருந்தன. இரண்டாம் மாடி ராமபத்ரன் சட்டென்று இம்ரானிடம், "தம்பி, உங்ககிட்ட வேற போன் இருக்கா?" என்றார். இம்ரானின் முகம் சிவந்தது. "என்னை எதுக்கு சார் கேக்கறீங்க?"

"மெஷின் தப்பா எண்ணியிருக்கும்," என்றாள் சுகந்தி.

ஜெசிந்தா செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினாள். லிஃப்ட் இல்லாத கட்டடம். இரண்டாம் மாடி திருப்பத்தில் அவள் கால் நின்றது. கீழேயிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது.

"செயலாளர் சொல்றதை நான் ஏத்துக்கலை. தூண்ல விரிசல் இருக்குன்னா முதல்ல இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டணும். இடிக்கற ஆளைக் கூப்பிட்டுக் காட்டினா அவன் இடிக்கணும்னுதான் சொல்லுவான்."

அறையில் சிலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஜன்னலோரம் கடலை உரிக்கும் மனிதரை இப்போதுதான் விட்டுவிட்டு வந்தாள். இந்தக் குரலில் ஒரு முழு வாக்கியத்தை அவள் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. இருமிவிட்டு அடுத்த வாதத்துக்குப் போகும் அந்தப் பழக்கம்கூட அப்படியே இருந்தது. ஒரு நொடி, கேட்டுக்கொண்டே அங்கேயே நின்றுவிடலாமா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பின்னால் அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

அவள் அறைவாசலுக்குப் போனபோது ஓட்டெடுப்பு முடிந்திருந்தது. சுவர்த் திரையில் வெள்ளைச் சட்டை போட்ட இருதயராஜின் பழைய படம்.

"ஆதரவு பதினாலு, எதிர்ப்பு ஒண்ணு. தீர்மானம் நிறைவேறியது," என்றான் பார்த்திபன், இப்போதைய செயலாளர்.

"என் எதிர்ப்பைக் காரணத்தோட பதிவு பண்ணிக்குங்க," என்றது குரல்.

"பண்ணிட்டேன் சார்."

"அவர் இந்தக் கூட்டத்துக்கு வரலை!" என்று கத்தினாள் ஜெசிந்தா. "அவர் மேல இருக்காரு! அவருக்கு முடியலைன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்!"

பதினான்கு பேரில் நேரில் வந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பார்த்திபன் மட்டும் எழுந்து நின்றான். கெட்ட பையன் இல்லை அவன். அவள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கை வருடா வருடம் சாப்பிட்டவன்.

"சார் இன்னிக்குக் காலைல முகம் காட்டி சம்மதம் சொல்லியிருக்காரு ஆன்ட்டி. பதிவாகியிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"ஜெசி, நீயா?" என்றது திரை. "ஏன் வாசல்ல நிக்கற? உள்ள வந்து உக்காரு."

*

அன்று காலையில் அவள் மருந்து வாங்கப் போயிருந்தாள். அப்போது இருதயராஜோடு உட்கார்ந்திருந்தவள் ஒரே ஒருத்திதான்.

மேலே திரும்பியபோது எல்லோரும் போயிருந்தார்கள். சுகந்தி மட்டும் பஜ்ஜித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா குழாயை மூடினாள்.

"என்ன கேட்ட அவர்கிட்ட?"

சுகந்தி கையைத் துடைக்கவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டே நின்றாள். "போனை அவர் முகத்துக்கு நேராப் பிடிச்சு, கூட்டத்துக்குப் போறீங்களான்னு கேட்டேன். ஆமான்னாரு."

"எந்தக் கூட்டம்னு அவருக்குத் தெரியுமா?"

சுகந்தி பஜ்ஜித் தட்டை மறுபடி எடுத்தாள்; ஜெசிந்தா அதைப் பிடுங்கி வைத்தாள்.

"உனக்கு இடிக்கணும்னா உன் பதிலியை அனுப்பியிருக்கலாமே. நீயே போய் உக்காந்திருக்கலாமே. நான் கையைப் பிடிச்சா நிறுத்தியிருப்பேன்?"

"அப்புறம் உன் மூஞ்சில எப்படி முழிக்கறது ஜெசி?" சுகந்தி அழ ஆரம்பித்தாள். "நம்பர் மட்டும்தான் வரும், யார்னு தெரியாதுன்னு நெனச்சேன். மே மாசம் என் படுக்கையில மேல்கூரை விழுந்துச்சே, பாத்தல்ல? நான் பாத்ரூம் போயிருந்தேன், பொழைச்சேன். அதுலேர்ந்து நான் அந்த ரூம்ல படுக்கறதே இல்ல. ஹால்ல நாற்காலியில உக்காந்தே தூங்கறேன். என் பொண்ணு குழந்தைகளை இங்க அனுப்ப மாட்டேங்கறா. உன்கிட்ட சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் நீ இவரைப் பத்திச் சொல்லுவ. நான் என்ன சொல்றது?"

"சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

ஜெசிந்தா யோசித்தாள். விட்டிருக்க மாட்டாள். ஆனால் அந்த உண்மை சுகந்தி செய்ததை ஒரு இம்மியும் சின்னதாக்கவில்லை.

"நாலு மாசமா என்கூட வந்து கதவு தட்டினியே," என்றாள். "அப்பல்லாம் மனசுக்குள்ள என்னடி நெனச்சிட்டிருந்த?"

சுகந்தி போன பிறகு, இருதயராஜ் எழுந்து வந்து, "அந்தம்மா ஏன் அழுவுது?" என்று கேட்டார்.

*

இருதயராஜின் பதிலி, நோய் வருவதற்கு முன், ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் பேசிக் கொடுத்து உருவானது. ஒரு பதிலியைக் கூட்டத்துக்கு அழைத்தால்தான் அது விழிக்கும். அந்தக் கூட்டத்தின் மேல் ஆட்சேபம் சொல்லும் காலம் முடியும்வரை விழித்திருக்கும். வீட்டார் அதனோடு பேசலாம். இது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. இம்ரான்தான் மறுநாள் வந்து டேப்லெட்டில் திறந்து கொடுத்தான். இருதயராஜ் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரமாகப் பார்த்து அவள் பால்கனிக்கு எடுத்துப் போனாள்.

"பாத்தியா, நேத்து விட்டுக் கொடுக்கலையே நான்," என்றது குரல், எடுத்த எடுப்பில்.

"பாத்தேங்க."

"அப்புறம் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நீங்க போகாம இருந்திருந்தா அந்தக் கூட்டமே நடந்திருக்காது."

"அதெப்படி ஜெசி? பிடிக்கலைன்னா போய் எதிர்க்கணும். ஒளிஞ்சிக்கக் கூடாது. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

அவள் மெதுவாகச் சொன்னாள். மூன்று வருடம் முன்னால் ஒருநாள் காய்கறி வாங்கப் போனவர் அயனாவரத்தில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் குரல் குறுக்கிடவேயில்லை. அவர் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்து அவள் பார்த்ததில்லை.

"ஆக, நான் ஆறு வருஷத்துக்கு முந்தின ஆளு," என்றது கடைசியில். "நேத்து நான் பேசின விரிசல்கூட ஆறு வருஷத்துக்கு முந்தின விரிசல்தான் இல்லையா? இப்ப எப்படி இருக்கு?"

"கம்பி தெரியுது."

"உன்னை அவருக்குத் தெரியுதா?"

"பாதி நாள் தெரியும்."

"டாக்டர்கிட்ட எப்படி இறக்கிக் கூட்டிட்டுப் போற? மூணு மாடி."

"நான் ஒரு பக்கம், சுகந்தி ஒரு பக்கம்."

"இப்ப?"

"நான் மட்டும்தான்."

"உன் முழங்கால்?"

ஜெசிந்தா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். தெருவில் ஒரு தண்ணீர் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

"ஏதாவது வழி சொல்லுங்க," என்றாள். "விதியெல்லாம் நீங்க எழுதினதுதானே. இந்த வீட்டை விட்டா அவர் என்ன ஆவாரோ. எனக்கு இந்த வீடு வேணும்."

"நான் சம்மதிக்காமலே என்னைக் கூப்பிட்டாங்கன்னு சொல்ல முடியாது. முகம் காட்டி ஆமான்னு சொன்னா போதும்னு நான்தான் எழுதினேன்." ஒரு இருமல். "ஒண்ணு இருக்கு. அவருக்குத் தானா முடிவெடுக்கற நிலை இல்லைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா, என் வருகை செல்லாமப் போகும்."

"செல்லாதா?" அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "நிச்சயமாவா?"

"என் வருகை செல்லாது. அது நிச்சயம்."

"அப்ப நீங்க?"

"என்னை மூடிடுவாங்க. நெனப்பு இல்லாதவருக்கு எதுக்குப் பதிலி?"

அவள் டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாள் கழிச்சுப் பண்ணலாமா?" என்று கேட்டாள். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

"பண்ணலாம்," என்றது குரல். அந்த இரண்டு நாளும் மதியம் அவர்கள் பேசினார்கள். பெரும்பாலும் அவள்தான் பேசினாள். அவர் கேட்டதெல்லாம் அவளைப் பற்றி: தூக்கம் வருகிறதா, சர்ச்சுக்குப் போய் எவ்வளவு நாளாகிறது, படியில் எங்கே நின்று மூச்சு வாங்குகிறாள். கடைசி நாள், "போய்ட்டு வா ஜெசி. அவருக்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிட்டுப் போ, ஏசி ரூம்ல நடுங்குவாரு," என்றார்.

*

டாக்டர் இளம்பெண். மேசைக்கு அப்பால் இருந்து அன்பாகச் சிரித்து, "சார், இது என்ன வருஷம்?" என்று கேட்டாள்.

இருதயராஜ் யோசித்தார். ஜெசிந்தா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, அவர் சரியாகச் சொல்லிவிடக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு ஜெபத்தை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. வருடத்தை அவர் சொல்லவில்லை. மாதத்தைச் சொல்லவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

"பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு?"

இருதயராஜ் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகம் அகலமாக மலர்ந்தது. "ஜெசி," என்றார். "என் வீட்டுக்காரி."

இரண்டு வாரமாக அவர் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"இன்னிக்கு நல்லாயிருக்காரே. வேணும்னா அடுத்த மாசம் இன்னொரு தடவை பாத்துட்டு எழுதட்டுமா?"

"இல்ல டாக்டர்," என்றாள் ஜெசிந்தா. "இன்னிக்கே எழுதிக் கொடுத்துடுங்க."

சான்றிதழை இம்ரான் சங்கத்துக்கு அனுப்பினான். அன்று மாலை டேப்லெட்டில் இருதயராஜின் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை.

*

பார்த்திபன் தானே மேலே ஏறி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க ஆட்சேபத்தை ஏத்துக்கிட்டாச்சு ஆன்ட்டி. சாரோட வருகை செல்லாது. எடுத்தாச்சு."

"அப்ப பதினாலுதான்." ஜெசிந்தா சிரித்தாள். "கூட்டம் செல்லாது."

"கூட்டம் செல்லும் ஆன்ட்டி."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"முடிவெடுக்கற நிலையில இல்லாத உரிமையாளரோட வீட்டை, கோர்ட் ஒரு காப்பாளரைப் போடறவரைக்கும், மொத்த எண்ணிக்கையில சேக்கக் கூடாதுன்னு விதி. அப்ப மொத்தம் இருபத்தொண்ணு. மூணுல ரெண்டு பங்கு பதினாலு. பதினாலு பேர் வந்திருந்தாங்க."

"இது யார் போட்ட விதி?"

"சார்தான். கீழ் வீட்டுக்காரர் ஒருத்தர் நெனப்பில்லாம ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் கெடந்தாரே, அப்ப கோரமே வராம எல்லா வேலையும் நின்னுச்சு. அதனால சார் போட்டாரு." அவன் தயங்கினான். "நீங்க சான்றிதழ் வாங்கறீங்கன்னு கேள்விப்பட்டப்பவே எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. சாரோட பதிலிகிட்ட கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். அதுக்குத் தெரியாம இருக்காதே."

அவன் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் முழுதும் அடங்கும்வரை ஜெசிந்தா கதவருகே நின்றாள். பால்கனியில் கேட்ட வார்த்தைகளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். வருகை செல்லாது என்றுதான் சொன்னார். கூட்டம் செல்லாது என்று ஒருதடவைகூடச் சொல்லவில்லை. தீர்மானம் விழும் என்று சொல்லவில்லை. அவள்தான் எழுந்து நின்று சந்தோஷப்பட்டாள். அவர் அதைத் திருத்தவில்லை. ஒரு கால்புள்ளி தப்பாக இருந்தாலும் கூட்டக் குறிப்பைத் திருப்பி அனுப்புகிற மனிதர்.

மறந்திருக்கலாம். பதிலி மறக்குமா?

அவளுக்காகச் செய்திருக்கலாம். முழங்காலுக்காக, படிக்காக, தெரிகிற கம்பிக்காக. அப்படியானால் அவளிடம் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். முப்பத்தாறு வருடத்தில் அவர்கள் போடாத சண்டையா? அவளைக் கேட்காமல், தான் எழுதிய விதியை வைத்தே அவளைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய், அவள் கையாலேயே தன்னை மூட வைத்து, வீட்டையும் எடுத்துக்கொண்டார்.

இனிக் கேட்பதற்கு ஆளில்லை. அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். கட்டிலில் அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

*

கொளத்தூரில் தரைத்தள வாடகை வீடு ஒன்றை இம்ரான் பார்த்துக் கொடுத்தான். சாமான்கள் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, கடைசியாக இருதயராஜை இறக்க வேண்டியிருந்தது. இம்ரான் வண்டியோடு முன்னால் போயிருந்தான். ஜெசிந்தா அவருடைய வலது தோளுக்கடியில் கையைக் கொடுத்து முதல் படியில் காலை வைத்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

சுகந்தி ஒன்றும் கேட்கவில்லை. வந்து இடது பக்கம் பிடித்துக்கொண்டாள். ஜெசிந்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல நினைத்தாள். ஆனால் அவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தார்.

மூன்று பேரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். இரண்டாம் மாடியைத் தாண்டிய திருப்பத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. நின்றார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஜெசிந்தா அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எல்லாம் தெரிஞ்சு செஞ்சதுதானே?" என்று மெல்லக் கேட்டாள்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா ஜெசி," என்றாள் சுகந்தி, அந்தப் பக்கத்திலிருந்து. அவள் குரல் உடைந்திருந்தது. "தெரிஞ்சுதான் செஞ்சேன்."

கேள்வி உனக்கில்லை என்று ஜெசிந்தா சொல்லவில்லை. அவருடைய கையைத் தன் தோள்மேல் சரியாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னும் ஒன்றரை மாடி இறங்க வேண்டியிருந்தது.